பட்டியலில் இல்லாத பெயர்

ஆர்.கே.பேட்டையில் கிரிக்கெட் மைதானம் இருக்கிறதா என்று வெளியூர் நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. "பேஷாக இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் அதற்கு ஏரி என்று பெயர்" என்று பதில் சொல்வோம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நின்று, தை மாதத்துக்கு மேல் வற்றத் தொடங்கி, பங்குனி பிறப்பதற்குள் ஏரியின் ஒரு கோடி வெடிப்பு விட்ட வெறுந்தரையாகிவிடும். அங்கே பையன்கள் சேர்ந்து மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கெட்டித்துச் சமன் செய்து, மூன்று வேலங்குச்சிகளை நட்டுவிட்டால் மைதானம் தயார்.

எல்லையோரத்து ஊர் ஆகையால் பையன்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பலர் தமிழ் பேசுகிறவர்கள். ஆட்டத்தின்போது இரண்டு பாஷைகளும் தாராளமாகப் புழங்கும். "அவுட்" என்ற ஒரு வார்த்தையில் எல்லோரும் ஒன்றுபடுவார்கள். அது அவுட்டா, இல்லையா என்ற கேள்வியில் மறுபடியும் பிரிந்துவிடுவார்கள். அந்தப் பிரிவினை பாஷையைப் பொறுத்ததல்ல. யார் எந்தக் கட்சியில் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நாம் இந்த ஊர்ப் பக்கத்திலே பள்ளிக்கூட உத்தியோகம் பார்க்கிறவர்கள். பட்டப் படிப்பு, அதன் மேல் ஆசிரியப் பயிற்சி, இருபது வருஷ அனுபவம் எல்லாம் இருக்கின்றன. ஆகையால் பையன்களுக்குப் புத்திமதி சொல்லும் அதிகாரம் நமக்கு உண்டு என்ற எண்ணமும் இருந்து வந்தது. சென்ற பங்குனியில் ஒரு பையன் கேட்ட ஒரே ஒரு கேள்வியில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

பையன் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். நம் ஊரில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தின் நடுவே பிறந்து, அந்தச் சத்தத்தின் நடுவே பாடம் படித்து, பிளஸ் ஒன் வரையில் வந்திருக்கிறான். படிப்பில் பிரமாதம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுவான். கிரிக்கெட் தெரியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை: பந்தை வேகமாக எறிந்து பயமுறுத்துவது ஒரு வித்தை, மெதுவாக மிதக்கவிட்டு, தரையில் பட்டவுடன் வேறு பக்கம் திரும்பும்படி செய்து ஏமாற்றுவது இன்னொரு வித்தை. இந்தப் பையனுக்குக் கைவந்தது இரண்டாவது. ஏரியின் வெடிப்பு மண்ணில் எவன் போட்டாலும் பந்து திரும்பத்தான் செய்யும் என்று முதலில் நாமும் அலட்சியமாக இருந்தோம். ஒரு நாள் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் அவன் போட்டதைப் பார்த்தோம். அங்கேயும் திரும்பிற்று.

அன்றைக்கு அவனிடம் ஒரு வாக்கியம் சொன்னோம். "தம்பி, நன்றாக ஆடுகிறவனை யாராலும் மறைத்து வைக்க முடியாது, திறமை இருந்தால் தேடிக்கொண்டு வருவார்கள்." நம்முடைய உபாத்தியாயர்கள் நமக்குச் சொன்னது அது. அவர்களுக்கு அவர்களுடைய உபாத்தியாயர்கள் சொல்லியிருப்பார்கள். யாரும் பரீட்சித்துப் பார்க்காத வாக்கியங்கள்தான் இப்படி வம்ச பரம்பரையாக இறங்கி வருகின்றன போலும்.

வெளியூரில் வயதுவாரியான அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சமாசாரம் வந்தது. பஸ் கட்டணத்துக்கு நாம் பணம் கொடுத்தோம். பையன் விடியற்காலையில் புறப்பட்டுத் திருத்தணி போய், அங்கிருந்து ரெயில் ஏறிப் போனான். மறு வாரம் பட்டியல் வெளியாயிற்று. அதில் அவன் பெயர் இல்லை. அதற்கப்புறம் பத்து நாள் அவன் ஏரிப் பக்கமே வரவில்லை. பந்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டானென்றும், பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனாருக்கு ஒத்தாசையாகத் தறியடிக்குப் போய்விடுகிறானென்றும் மற்றப் பையன்கள் தெரிவித்தார்கள்.

ஒரு மாலை அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அவனுடைய தாயார் சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்க சார், சாப்பாடே சரியா இறங்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை பந்து போட்டாய்?" என்று கேட்டோம்.

"எட்டுப் பந்து சார். அப்புறம் 'அடுத்தவன்' என்றார்கள்."

"எப்படி விழுந்தது?"

"ஆறு நன்றாக விழுந்தது. அவர் அப்போது டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. உள்ளே தறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவன் மிகவும் மரியாதையாக, குரலைக்கூட உயர்த்தாமல், ஒரு கேள்வி கேட்டான்.

"நீங்கள் சொன்னது பொய்தானே சார்?"

இருபது வருஷ உபாத்தியாயத்தில் பல கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழித்திருக்கிறோம். ஆனால் இப்படி விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் விழித்தது இதுவே முதல் தடவை. மோரைக் குடித்துவிட்டு வீடு திரும்பினோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் ராம்சிங்கின் ஞாபகம் வந்தது.

1999 ஜனவரியில் நாம் சென்னையில் பி.ஏ. வாசித்துக்கொண்டிருந்தோம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்துக்கு மலிவான டிக்கெட் ஒன்று கிடைத்தது. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றுப் போன ஆட்டம் அது. ஜெயித்த பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சென்னை ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் காட்சி உலகப் பிரசித்தம். ஆனால் அன்று நம் மனத்தில் பதிந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மத்தியான இடைவேளையில் தயிர்ச் சாதப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டே சொன்ன வார்த்தைகள்தாம். "தம்பி, இந்த மைதானத்தின் பெரிய பந்துவீச்சாளர் ஒருவர் ஒரு டெஸ்டுகூட ஆடினதில்லை, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன பெயர் ஏ. ஜி. ராம்சிங். அந்த 1999-ஆம் வருஷத்தில்தான் ராம்சிங் காலமானார். அதற்கு முன் அந்தப் பெயரை நாம் கேள்விப்பட்டதில்லை.

அன்று முதல் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அவரைப் பற்றிப் படித்துச் சேர்த்து வைத்திருந்தோம். எதற்காக என்று நமக்கே தெரியாமலிருந்தது. திண்ணையில் கேட்ட கேள்விக்கு அதுதான் உபயோகப்படும் என்று அன்றிரவு தோன்றியது.

ராம்சிங் பிறந்தது 1910-ல், பாஞ்சாலத்து அமிர்தசரஸில். சீக்கியர், தலைப்பாகையும் தாடியுமாக இருப்பவர். ஆனால் அவருடைய வாழ்க்கையும் ஆட்டமும் சென்னையில்தான். இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். வெள்ளைக்காரர்கள் சேப்பாக்கத்தைத் தங்கள் சொந்தச் சொத்தாகப் பாவித்த காலம் அது. அதற்கும் முந்திய தலைமுறையில், அங்கே ஆட வந்த இந்தியர்கள் பெவிலியனுக்குள்ளே உணவு கொள்ள இடமில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் புச்சிபாபு நாயுடு என்ற பிரமுகர் 1888-ல் இந்தியருக்கென்று ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். அதன் பயனாகவே 1915 முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் போட்டி நடக்கலாயிற்று. காணும் பொங்கலன்று கரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்த்த ஆட்டம் என்று கிழவர் வர்ணித்தார். ராம்சிங் அந்த மரபிலே வந்தவர்.

இனி, பாரத தேசம் முழுவதற்குமாக மாகாணங்களுக்குள் நடக்கும் ரஞ்சிக் கோப்பையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆடிப் புகழ்பெற்ற ரஞ்சித்சிங் 1933-ல் காலமானார். அவர் பெயரால் பாட்டியாலா மகாராஜா அளித்த கோப்பைக்காக 1934-ல் போட்டி ஆரம்பமாயிற்று. அதன் முதல் ஆட்டம் நடந்த இடம் சேப்பாக்கம். தேதி நவம்பர் 4. ஆடினவர்கள் சென்னையும் மைசூரும். சென்னைக்குத் தலைவர் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். மைசூருக்குத் தலைவர் விஜயசாரதி. முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன், அதைச் சந்தித்தவர் மைசூரின் கர்ட்டிஸ்.

மைசூர் முதலில் ஆடி 48 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். சென்னை 130 எடுத்தது. மைசூர் இரண்டாவது தடவையாக ஆட வந்து 59-க்கு ஒழிந்தது. பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் சூரியன் அஸ்தமிக்குமுன் முடிந்துவிட்டது. சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் மிச்சம் வைத்து ஜெயித்தது. அன்று ராம்சிங் முதல் தடவை 19 ஓட்டங்களுக்கு ஆறு பேரையும், இரண்டாம் தடவை 16 ஓட்டங்களுக்கு ஐந்து பேரையும் வெளியே அனுப்பினார். ஆகப் பகல் ஒன்றுக்குள் 35 ஓட்டங்களுக்குப் பதினொரு விக்கெட்டுகள்! ரஞ்சிக் கோப்பையின் முதல் ஏட்டின் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் ஏறிவிட்டது.

அப்போது நம் ஆர்.கே.பேட்டை சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னால் அது ஆந்திர ராஜ்யத்துக்குப் போய், எல்லைக் கிளர்ச்சிக்குப் பிறகு, 1960-ல் திருத்தணியோடுகூடத் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் 1934-ல் சென்னை அணி என்றால் நம் பாட்டனார்களுடைய அணியுந்தான். அமிர்தசரஸில் பிறந்தவர் சென்னைக்காகப் பந்து போட்டதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. தறிக்காரர் தெருவில் தெலுங்கு பேசிக்கொண்டே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையனுக்கு இது விளங்காத விஷயமல்ல.

அதற்குப் பிறகு ராம்சிங் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஆடினார். முதல் தர ஆட்டங்கள் என்று சொல்லப்படுபவற்றில் மொத்தம் 56 ஆடி, 3,300-க்கு மேல் ஓட்டங்களும் 265 விக்கெட்டுகளும் எடுத்தார். விக்கெட் ஒன்றுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரி பதினெட்டரை ஓட்டங்களே. ரஞ்சிப் போட்டியில் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் சேர்த்து எடுத்த முதல் ஆட்டக்காரர் அவர்தாம். அவர் காலத்தில் சென்னை அணி 1936-லும் 1941-லும் இறுதிப் போட்டி வரையில் போய், ஒரு தடவை பம்பாயிடமும் ஒரு தடவை மகாராஷ்டிரத்திடமும் தோற்றது.

இந்தியாவின் டெஸ்ட் அணிப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் வரவேயில்லை.

ஏன் என்று கேட்டால், தேர்வாளர்களைத் திட்டுவது சுலபம். நாமும் ஆதியில் அதைத்தான் செய்தோம். ஆனால் நிதானமாகக் கணக்குப் பார்த்தால் வேறு சங்கதிகளும் புலப்படுகின்றன. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932 ஜூனில். அது முதல் 1946 ஆகஸ்டு வரையில், பதினான்கு வருஷங்களில், இந்தியா ஆடிய டெஸ்டுகள் மொத்தம் பத்தே. 1932-ல் ஒன்று, 1933-34-ல் மூன்று, 1936-ல் மூன்று, 1946-ல் மூன்று. நடுவிலே பத்து வருஷம் ஒன்றுமே கிடையாது. உலக யுத்தம் அதில் ஆறு வருஷத்தை விழுங்கிற்று. ராம்சிங்குக்கு 1936-ல் இருபத்தாறு வயது, 1946-ல் முப்பத்தாறு. அவருடைய நல்ல காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

1936-ல் இங்கிலாந்து சென்ற கூட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1946-ல் மறுபடி ஒரு கூட்டம் புறப்பட்டபோதும் கிடைக்கவில்லை. அதற்குள் வினூ மன்கட் என்பவர் வந்துவிட்டார். அவரும் இடக்கைக்காரர், அவரும் மெதுவாகப் பந்து வீசி, மட்டையும் பிடிப்பவர், ராம்சிங்குக்கு ஏழு வயது இளையவர். இங்கிலாந்தில் அந்த வருஷம் மன்கட் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் எடுத்தார். அவரைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று யார் சொல்ல முடியும்? ஒருவருக்கு அநியாயம் நேர்ந்திருக்கிறது. ஆனால் அநியாயம் செய்தவர் இன்னார் என்று கை காட்ட ஆளில்லை. உலகத்தில் நடக்கிற அநியாயங்களில் பெரும்பகுதி இந்த ரகமே என்று நமக்குத் தோன்றுகிறது.

சரி, பட்டியலில் பெயர் வந்தவர்கள் என்ன சுகத்தைக் கண்டார்கள் என்றும் பார்க்க வேண்டுமல்லவா? ராம்சிங்கோடு அந்த முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய கோபாலனை எடுத்துக்கொள்வோம். அவர் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் கெட்டிக்காரர். தியான்சந்தோடு சேர்ந்து ஹாக்கி ஆடியவர். 1936-ல் இங்கிலாந்து போகும் கிரிக்கெட் கூட்டம் ஒரு பக்கம் அழைத்தது. பெர்லின் ஒலிம்பிக் போகும் ஹாக்கி அணி ஒரு பக்கம் அழைத்தது. அவர் கிரிக்கெட்டோடு போனார். விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் சென்ற அந்தக் கூட்டத்தில் சச்சரவுகளுக்குக் குறைவேயில்லை. லாலா அமர்நாத் என்ற பெரிய ஆட்டக்காரரை ஆட்டத் தொடரின் பாதியிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபாலனுக்கு மூன்று டெஸ்டுகளில் ஒன்றுகூட ஆட வாய்ப்புத் தரவில்லை. அதே ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கிற்று. 1934-ல் கல்கத்தாவில் ஆடிய ஒரு டெஸ்டோடு கோபாலனுடைய டெஸ்ட் கணக்கு நின்றுவிட்டது. ஒருவர் பட்டியலில் இல்லாமல் வீட்டில் இருந்தார். மற்றவர் பட்டியலில் இருந்துகொண்டு கடல் கடந்துபோய் வேடிக்கை பார்த்தார். இருவரில் யார் அதிர்ஷ்டசாலி என்று தீர்ப்புச் சொல்ல நம்மால் ஆகாது.

இவ்வளவையும் இரண்டு மாலைகளில் அந்தத் திண்ணையில் சொன்னோம். முதல் நாள் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் நம்மைப் பார்த்தான். தறியை நிறுத்திவிட்டு அவன் தகப்பனாரும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கதையைச் சுபமாக முடிக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருந்தது. அதற்கு ராம்சிங்கின் குடும்பம் நல்ல சாமான் கொடுக்கிறது. அவருடைய மகன் கிருபால்சிங், 1955-ல் சென்னை அணி இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் தோற்கடித்து முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்தபோது, அந்த வெற்றியில் பெரும் பங்கு கொண்டவர். அதே வருஷம் நவம்பரில் ஐதராபாத்தில் நியூஜிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்கள் எடுத்தார். இன்னொரு மகன் மில்காசிங் 1960-ல் டெஸ்ட் அணிக்கு வந்தார். 1961-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக அண்ணன் தம்பி இருவரும் ஒரே டெஸ்டில் ஆடினார்கள். கிருபால்சிங் பிற்காலத்தில் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவராகவும் இருந்தார். தகப்பனார் பெயர் ஏறாத பட்டியலை மகன் உட்கார்ந்து எழுதினார் என்றால் எவ்வளவு பொருத்தம்! கிருபாலின் மகன் அர்ஜன் 1989-ல் கோவாவுக்கு எதிராக முந்நூறு ஓட்டங்களுக்கு மேல் எடுத்தார். ராம்சிங்கோ பயிற்சி கொடுக்கும் ஆசானாக இருந்து பலருக்கு வழி காட்டினார்.

இதையெல்லாம் உற்சாகத்தோடு சொல்லி முடித்துப் பையனின் முகத்தைப் பார்த்தோம். அதில் வெளிச்சம் ஒன்றும் தோன்றவில்லை.

"மகன் ஆடினால் அவர் ஆடினதாகுமா சார்?" என்று கேட்டான்.

ஆகாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை நூறு அடித்தால் தகப்பனாருக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் தகப்பனார் தம் கையால் போட நினைத்த பந்து போடாத பந்தேதான். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும், பிள்ளைகள் ஆடாதவர்களுக்கும் அந்தச் சமாதானம் எதற்கும் உதவாது.

ஆகவே, வேறு வழியின்றி, உண்மையைச் சொன்னோம். "திறமை இருந்தால் தேடி வருவார்கள் என்று சொன்னது சரியல்ல. சில பேரைத் தேடி வருகிறார்கள். சில பேரைத் தேடி வருவதில்லை. ராம்சிங்கைத் தேடி வரவில்லை. ஆனால் அந்த நவம்பர் 4-ஆம் தேதி மைசூர்க்காரர்கள் பதினொரு பேர் அவர் பந்தில் ஆட்டமிழந்தது ஆட்டமிழந்ததுதான். எந்தத் தேர்வாளரும் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடியும் ஆட விட முடியாது. நல்ல பந்து விழுந்த பிறகு அது விழுந்ததுதான், தம்பி."

இது நன்றாகச் சொல்லப்பட்டது என்று நாமே நினைத்துக்கொண்டோம். தகப்பனார்கூடத் தலையை அசைத்தார். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அவருடைய பதினொரு விக்கெட்டை எழுதி வைத்திருக்கிறார்கள் சார். அதனால்தான் உங்களுக்குத் தெரிகிறது. நான் போட்ட ஆறு நல்ல பந்தை யார் எழுதி வைத்தார்கள்?"

இதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தோம்.

அவன் கேட்டதை நினைக்க நினைக்க, விஷயத்தின் முடிச்சே அதுதான் என்று பட்டது. ராம்சிங் டெஸ்ட் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் யாரோ ஒரு குமாஸ்தா, சேப்பாக்கத்தில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, பந்துக்குப் பந்து புள்ளியும் எண்ணும் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பதினொரு பேரும் ஆட்டமிழந்ததை அவர் எழுதியிராவிட்டால், 1999-ல் ஒரு கிழவரால் நமக்குச் சொல்ல முடிந்திராது. நம்மாலும் இந்தத் திண்ணையில் சொல்ல முடிந்திராது. பெரிய மைதானத்துப் பெரிய ஆட்டங்களுக்கு அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில், கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஐ.பி.எல். ஆட்டங்களில் பந்து எவ்வளவு வேகம், எத்தனை டிகிரி திரும்பிற்று என்பதுவரை யந்திரங்கள் பதிவு செய்துவிடுகின்றன. நம் ஊர் ஏரியில் ஆடுகிற ஆட்டத்துக்கோ, அன்று இருட்டினவுடன் அதன் கணக்கும் இருட்டிவிடுகிறது. யார் எத்தனை அடித்தான் என்பது மறுநாள் வாக்குவாதத்துக்கு மட்டும் உதவும்.

இருபது வருஷமாக நாம் அந்த ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம்; கை தட்டியிருக்கிறோம்; புத்திமதி சொல்லியிருக்கிறோம். ஒரு தடவையாவது ஒரு பென்சிலை எடுத்து எழுதினோமா? இல்லை. அந்த எட்டுப் பந்துகளைப் பாராமல் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்த மனிதரிடம் நமக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் எட்டு நூறு பந்துகளைப் பார்த்துவிட்டு ஒன்றையும் குறித்து வைக்காத நம்மை என்ன சொல்வது?

அடுத்த சனிக்கிழமை கடைத்தெருவில் நீளமான கணக்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினோம். ஜவுளிக் கணக்கு எழுதுகிற புத்தகம், கட்டம் போட்டது, இருநூறு பக்கம். முதல் பக்கத்தில் தேதி, ஏரியின் பெயர், இரு கட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கரையிலிருந்த வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். பையன்கள் முதலில் பரிகாசம் செய்தார்கள். நாலாவது ஓவருக்குள் பரிகாசம் நின்றுவிட்டது. தம் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவனாக வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினான். ஒருவன், "நான் எடுத்த இரண்டு ஓட்டத்தை ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள்" என்று தெலுங்கில் வாதாடினான். விசாரித்துத் திருத்தினோம். எழுத்தில் ஏறுகிறது என்றவுடன் ஆட்டத்தில் ஏமாற்றுகூடச் சிறிது குறைந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நம் பையன் அன்று வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நாலரை மணிக்கு, சட்டையில் பஞ்சும் நூல் துணுக்கும் ஒட்டியிருக்க, கரைமேல் வந்து நின்றான். நம்மிடம் ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். தன் தம்பியின் பெயருக்கு எதிரே ஒரு விக்கெட் இருப்பதைப் பார்த்து, "இவனா எடுத்தான்?" என்றான். "இவன்தான், உன் பந்தால் எடுத்தான்" என்றோம். பையன் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு ஏரியில் இறங்கினான்.

அன்றைக்கு அவன் வீசியது ஏழு ஓவர். கொடுத்தது பதினாறு ஓட்டம். எடுத்தது மூன்று விக்கெட். ஒரு பந்து மட்டையையும் குச்சியையும் ஏமாற்றிக்கொண்டு நடுவே போய்விட்டது. அதற்குக் கணக்கில் வெறும் புள்ளிதான். ஆனாலும் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிறியதாக ஒரு வட்டம் போட்டோம். கிரிக்கெட் சாஸ்திரத்தில் அப்படி ஒரு குறி கிடையாது என்பது நமக்குத் தெரியும். ஆர்.கே.பேட்டை ஏரிக்கு அந்த வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்.

இருட்டுகிற சமயத்தில் எல்லோரும் போன பிறகு அவன் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தான். வட்டம் போட்ட புள்ளியை விரலால் தடவிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் மறுபடி போய்ப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

"போய்ப் பார்" என்றோம். இந்தத் தடவை அதற்குமேல் ஒரு வாக்கியமும் சேர்க்கவில்லை.

நோட்டில் இன்னும் நூற்றெண்பத்து நாலு பக்கம் மிச்சமிருக்கிறது. மழை வந்து ஏரி நிரம்புவதற்குள் அதில் எவ்வளவு நிரம்புமோ, தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதுவதாக உத்தேசம்.